குழாய் இணைப்பில் புகை வந்தால், பசை தேடும் முன்…

கேள்வி: குன்னூர் அருகே தேயிலைத் தோட்டத்தை ஒட்டி எங்கள் வீடு. தகரக் கூரை, உள்ளே பலகை சீலிங். சில வருடங்களுக்கு முன் கோவையில் ஒரு பட்டறையில் சொல்லி, இரும்பில் விறகு ஹீட்டர் செய்து வாங்கினோம். ஹீட்டரின் மேல்வாய் 6 அங்குலம். 4 அங்குல ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய்தான் கையில் இருந்ததென்று ரெடியூசர் வைத்து மாட்டிக் கொடுத்தார்கள். ஹாலுக்குள் மூன்றடி மேலே போய், எல்போவில் திரும்பி, ஐந்தடி படுத்தபடி ஓடிச் சுவரைத் தாண்டி, வெளியே ஆறடி ஏறி, கூரை விளிம்புக்குக் கீழே முடிகிறது. இந்தக் குளிரில் எல்போ இணைப்பிலிருந்து புகை வருகிறது, பழுப்பாகத் தண்ணீரும் சொட்டுகிறது. எம்-சீல் வைத்து, மேலே அலுமினிய டேப் சுற்றினோம். இரண்டு நாள் நின்றது. இப்போது அடுப்புக் கதவு இடுக்கில் புகைகிறது. விடிய விடியத் தணல் நிற்கட்டும் என்று இரவில் குழாய்த் தட்டை (புகை வழியை அடைக்கும் தகடு) மூடிவிடுவோம். மாமியாருக்கு இருமல். எனக்குக் காலையில் தலைவலி. ஆக்ஸிமீட்டரில் 97 காட்டுவதால் பயமில்லை என்கிறார் கணவர். இந்த வெப்பத்துக்குத் தாங்கும் பசை எது?

பதில்: அன்புச் சகோதரிக்கு வணக்கம்.

பசையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில், இன்று இரவு அந்த அடுப்பை மூட்டாதீர்கள். குழாய் வேலை முடிகிற வரை மின்சார ஆயில் ஹீட்டரோ, கம்பளியோ, வெந்நீர்ப் பையோ, எதை வைத்தாவது சமாளியுங்கள். அடுப்புதான் இல்லையே என்று இரும்புச் சட்டியில் கரி அள்ளி அறைக்குள் வைத்துவிட வேண்டாம். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் குளிருக்காக அறைக்குள் கரி மூட்டிப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்ற செய்தியை நாம் திரும்பத் திரும்பப் படிக்கிறோம்.

அடுத்தது உங்கள் தலைவலி. ஆக்ஸிமீட்டரில் 97 என்பதை நம்பி உட்கார வேண்டாம். அந்தக் கருவி விரலுக்குள் ஒளியைப் பாய்ச்சி, ரத்தத்தின் நிறத்தை வைத்துக் கணக்குச் சொல்வது. ஆக்சிஜன் ஏறிய ரத்தமும் கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தமும் அதற்கு ஏறக்குறைய ஒரே சிவப்பாகத்தான் தெரியும். எனவே உடம்பில் விஷவாயு ஏறியிருக்கும்போதும் அது 97, 98 என்றே காட்டும். இந்த வாயுவுக்கு நிறமில்லை, வாசனையில்லை. ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். காலையில் தலைவலி, வெளியே போய் வந்தால் சரியாகிறது, வீட்டில் வேறு யாருக்கும் அதேபோல் கிறுகிறுப்போ குமட்டலோ இருக்கிறது என்றால், அது குளிரால் வந்த தலைவலி அல்ல என்று எண்ணிக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் “வீட்டில் விறகு ஹீட்டர் புகைகிறது” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கார்பாக்சி ஹீமோகுளோபின் அளவு பார்க்கும் ரத்தப் பரிசோதனை இருக்கிறது. நல்ல காற்றைச் சுவாசிக்கத் தொடங்கினால் நாலைந்து மணி நேரத்தில் அந்த அளவு பாதியாகிவிடும். அதனால் பரிசோதனைக்குப் போவதானால், தாமதிக்காமல் போகவேண்டும். மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

இனிக் குழாய்க்கு வருவோம். எல்போவில் ஓட்டை இருப்பதால் புகை வருகிறது என்று நினைத்திருக்கிறீர்கள். நல்லபடியாக இழுக்கிற புகைக்குழாயில் ஓட்டை இருந்தாலும் புகை வெளியே வராது. அறைக்காற்றுதான் அந்த ஓட்டை வழியாக உள்ளே போகும். சூடான புகை லேசானது, மேலே ஏறும். அது ஏற ஏற, குழாய்க்குள் அழுத்தம் அறையைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும். அந்தக் குறைவைத்தான் இழுப்பு என்கிறோம். இழுப்பு செத்துப்போனால்தான் புகை இடுக்குத் தேடி வெளியே வரும். எல்போவை அடைத்தீர்கள், கதவிடுக்கில் வந்தது. கதவுக்குக் கயிறு வைத்து அடைத்தால் காற்று விடும் துளையில் வரும். எல்லாவற்றையும் அடைத்துவிட்டால் கண்ணுக்குத் தெரியும் புகை நிற்கலாம். தெரியாத வாயு நிற்காது. பசையிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

இந்த இழுப்பு எவ்வளவு நுணுக்கமானது என்று பாருங்கள். உங்கள் குழாய் செங்குத்தாக ஏறும் உயரம், உள்ளே மூன்றடி, வெளியே ஆறடி, சேர்த்தால் ஏறக்குறைய 2.7 மீட்டர். வெளியே 10 டிகிரி குளிர், குழாய்க்குள் சராசரியாக 150 டிகிரி சூடு என்று வைத்துக்கொண்டால் கிடைக்கும் இழுப்பு சுமார் 9 பாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு). விறகு ஹீட்டர்கள் ஒழுங்காக எரிய 12 பாஸ்கல் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. புகை 60 டிகிரிக்கு ஆறிவிட்டால் 4 பாஸ்கல்தான் மிஞ்சும். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் ஒரு லட்சம் பாஸ்கலுக்கு மேல் என்பதை நினைத்தால், 4 பாஸ்கல் என்பது குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டாலே தோற்றுப்போகும் சமாச்சாரம் என்று புரியும். குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இழுப்பும் அதே அளவு குறையும். மேற்சொன்ன கணக்கில் அதையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறேன். கோவையில் பட்டறை வாசலில் மூட்டிக் காட்டியபோது ஜோராக எரிந்த அடுப்பு மலைக்கு வந்ததும் திணறுவதற்கு இதுவும் ஒரு காரணம். மலைக்குச் செய்யும் குழாய்க்கு உயரம் கூடுதலாகவே கொடுக்க வேண்டும்.

உங்கள் கடிதத்திலேயே குறைகள் எல்லாம் இருக்கின்றன. அந்த ரெடியூசர்தான் பெரிய குற்றவாளி. 6 அங்குல வாயில் 4 அங்குலக் குழாய் என்றால் மூன்றில் இரண்டு பங்கு வழி இருப்பதுபோல் தோன்றும். பரப்பளவைப் பாருங்கள்: 36-க்கு 16. பாதிக்கும் குறைவு. அடுப்பின் வாய் என்ன அளவோ, உச்சி வரை குழாயும் அதே அளவு இருக்க வேண்டும். பெரிதாக்குவதும் நல்லதல்ல, சிறிதாக்கவே கூடாது.

இரண்டாவது, படுத்தபடி ஓடும் ஐந்தடி. அங்கே புகை ஏறுவதில்லை, ஊர்ந்து ஆறுகிறது. கரி படிய வசதியான இடமும் அதுதான். தட்டிப் பார்த்தால் மற்ற இடங்களைவிட அந்தத் துண்டு மந்தமாகச் சத்தம் தரும். கழற்றும்போது உள்ளே விரல் விட்டுப் பாருங்கள், 3 மி.மீ.க்கு மேல் கரி இருந்தால் சுத்தம் செய்தே ஆகவேண்டும். அதற்குமேல் விட்டால் கரியே குழாய்க்குள் தீப்பிடிக்கும். மூன்றாவது, வெளியே நிற்கும் ஆறடி. ஒற்றைத் தகட்டுக் குழாய் பனியில் வெறும் உடம்போடு நிற்கிறது. மீதமிருக்கும் சூடும் அங்கே போய்விடுகிறது. நான்காவது, கூரை விளிம்புக்குக் கீழே முடிவது. காற்று கூரையில் மோதிக் கீழே சுழலும்போது புகையைத் திருப்பிக் குழாய்க்குள்ளேயே தள்ளும். கூரையைத் துளைத்து வெளியே வரும் இடத்திலிருந்து குறைந்தது 90 செ.மீ. உயரமும், சுற்றிலும் 3 மீட்டருக்குள் இருக்கும் எதைவிடவும் 60 செ.மீ. உயரமும் இருக்கவேண்டும் என்பது புகைபோக்கி வேலையில் எல்லோரும் பின்பற்றும் அளவு.

அந்தப் பழுப்புத் தண்ணீரைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். அது மழைநீர் அல்ல. விறகின் ஈரமும் எரியாத புகையும் ஆறிய குழாயில் படிந்து வழியும் தார். தொட்டால் பிசுபிசுக்கும், சுவரில் பட்டால் கறை போகாது, கருகிய நாற்றம் அடிக்கும். இது உள்ளே உருவாவது விறகின் குறை, சூட்டின் குறை. ஆனால் இணைப்பில் வெளியே சொட்டுகிறது என்றால், குழாய்த் துண்டுகளைத் தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள். பல வெல்டர்கள் புகையின் திசையை நினைத்து, மேல் துண்டுக்குள் கீழ்த் துண்டின் முனை நுழையும்படி மாட்டுகிறார்கள். புகை அப்படி ஓடலாம், தார் மேலிருந்து கீழே அல்லவா வழியும்? மேல் துண்டின் உட்பக்கம் வழிந்து வரும் தார், அந்த முறையில் இணைப்புக்கு வெளியே இறங்கிவிடும். மற்றதில் நுழைவதற்காகச் சுருக்கிய முனை எப்போதும் அடுப்பைப் பார்த்துக் கீழ்நோக்கி இருக்க வேண்டும். அப்போது வழிவது உள்ளேயே இறங்கி அடுப்பில் விழுந்து எரிந்துவிடும். உங்கள் வெல்டர் தம்பியிடம் இந்த ஒரு விஷயத்தைக் கட்டாயம் நேரில் நின்று காட்டுங்கள்.

என்ன செய்யலாம்? என் கருத்தில் அந்தச் சுவர்த் துளையை அடைத்துவிட்டு, குழாயை ஹீட்டரிலிருந்து நேராக மேலே ஏற்றிக் கூரைக்கு வெளியே கொண்டுபோவதே நல்லது. எல்போ இல்லை, படுக்கைத் துண்டு இல்லை, குழாயின் பெரும்பகுதி வீட்டுக்குள் சூடாக இருக்கும். அடுப்பின் மேலிருந்து உச்சி வரை 4.5 மீட்டருக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஜிஐ குழாயை எடைக்குப் போட்டுவிடுங்கள். அதன் துத்தநாகப் பூச்சு 419 டிகிரியில் உருகும். அடுப்புக்கு அருகே உள்ள குழாய் பலமாக எரியும்போது அந்தச் சூட்டை எட்டக்கூடும், அந்தப் புகையைச் சுவாசிப்பது கெடுதல். சீலிங் வரை 2 மி.மீ. கறுப்பு இரும்புக் குழாய் போதும். அதற்கு மேலே எஸ்எஸ் 304 என்னும் துருப்பிடிக்காத எஃகு.

இந்த வேலையில் நான் அதிகம் பயப்படுவது உங்கள் பலகை சீலிங்கைத்தான். ஒற்றைத் தகட்டுக் குழாயைப் பலகை வழியாக ஏற்றவே கூடாது. மரம் சாதாரணமாக 250 டிகிரிக்கு மேல்தான் பற்றும். ஆனால் வருடக்கணக்கில் 100 டிகிரியைத் தாண்டிய சூட்டில் வெந்துகொண்டிருக்கும் பலகை மெல்லக் கரியாகி, மிகக் குறைந்த வெப்பத்திலேயே பற்றிக்கொள்ளும். நாலைந்து குளிர்காலம் ஒன்றும் ஆகாமல் இருந்த வீட்டில் திடீரென்று கூரைக்குள் தீ வருவது இப்படித்தான். ஆகவே சீலிங்குக்குச் சற்றுக் கீழே தொடங்கி உச்சி வரை இரட்டைக் குழாய் போடுங்கள். உள்ளே 6 அங்குலம், வெளியே 8 அங்குலம், நடுவே 25 மி.மீ. செராமிக் ஊல் (சூடு தாங்கும் பஞ்சு). பட்டறையில் கையால் செய்யும் இரட்டைக் குழாய்க்குச் சுற்றிலும் 150 மி.மீ. மரமில்லாத இடைவெளி விடச் சொல்வேன். அந்த இடைவெளியைப் பஞ்சாலும் பலகையாலும் நிரப்பாமல், கீழே ஒரு தகடு, மேலே ஒரு தகடு வைத்து மூடினால் போதும். ஹாலுக்குள் இருக்கும் ஒற்றைக் குழாய் பலகைச் சுவரிலிருந்தோ மர அலமாரியிலிருந்தோ 450 மி.மீ. தள்ளி நிற்க வேண்டும். திரைச்சீலைக்கும் அதே அளவு. கூரையில் மழை இறங்காமல் இருக்கத் தகடு அடிப்பது உங்கள் ஊர் கூரை வேலைக்காரர்களுக்குக் கைவந்த கலை, அதை அவர்களிடம் விட்டுவிடலாம்.

உச்சியில் தொப்பி வைக்கும்போது கொசுவலை மாதிரி நெருக்கமான வலை கட்டச் சொல்லாதீர்கள். ஒரே மாதத்தில் கரி அடைத்துவிடும். பறவை நுழையாத அளவு பெரிய கண்ணுள்ள வலை போதும். மழைக்காலத்தில் அடுப்பு சும்மா கிடக்கும்போது குருவிகள் கூடு கட்டும். குளிர் தொடங்கி முதல் முறை மூட்டும் முன் ஏறிப் பாருங்கள்.

இப்போது பசை. எம்-சீல் எபாக்சி வகை. இந்தச் சூட்டுக்குக் கருகி நாறும். அலுமினிய டேப்பின் தகடு தாங்கினாலும் அதன் பசை தாங்காது. வண்டி இன்ஜினுக்கு வைக்கும் சிவப்பு சிலிக்கான் 300 டிகிரி வரைதான் தாங்கும், அடுப்பு வாய்க்குப் பக்கத்தில் அது போதாது. உங்களுக்கு வேண்டியது ஃபயர் சிமெண்ட். பாய்லர், சூளை சாமான் விற்கும் கடைகளில் டப்பாவில் கிடைக்கும். 1,000 டிகிரிக்கு மேல் தாங்கும். அடுப்பின் கழுத்தில் குழாய் உட்காரும் இடத்துக்கு சிமெண்ட் மட்டும் போதாது. சூட்டில் இரும்பு விரிந்து சுருங்கும்போது அது விரிசல் விட்டுவிடும். அங்கே செராமிக் கயிறு சுற்றி, அதன் மேல் சிமெண்ட் பூசுங்கள். பழைய சரக்கில் ஆஸ்பெஸ்டாஸ் கயிறு என்று எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள், அதன் தூசி நுரையீரலுக்கு எமன். ஆஸ்பெஸ்டாஸ் குழாயும் வேண்டாம். கரி தீப்பிடித்தால் வெடித்துச் சிதறும்.

மாட்டும் விதம்: முனைகளைக் கம்பி பிரஷ்ஷால் வெள்ளையாகத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, நுழையும் முனையைச் சுற்றி சிமெண்டைத் தடவிய பிறகு சொருக வேண்டும். சொருகிவிட்டு வெளியே பூசுவது கண்ணுக்குத்தான் அழகு. ஒரு துண்டு மற்றதில் குறைந்தது 40 மி.மீ. போகட்டும். ஒவ்வொரு இணைப்பிலும் சம இடைவெளியில் மூன்று ஸ்க்ரூ. ஸ்க்ரூ இல்லாத குழாய், கரி தீப்பிடித்து அதிரும்போது கழன்று ஹாலுக்குள் விழும். ஒரு முழு நாள் காயவிட்டு, முதல் நெருப்பைச் சுள்ளியில் சிறிதாக, மெல்ல மூட்டுங்கள். முதல் நாளே பெரிய கட்டையைப் போட்டால் சிமெண்டுக்குள் இருக்கும் ஈரம் கொதித்துக் கொப்புளம் விட்டுவிடும்.

குழாயை எவ்வளவு நன்றாகச் செய்தாலும் பச்சை விறகு போட்டால் மறுபடி தார் சொட்டும். உங்கள் பக்கம் கிடைக்கும் கற்பூர மரமும் சீகையும் நல்ல விறகுதான், தேயிலைக் கட்டையும் அருமையாக எரியும். வெட்டிய உடனே எரித்தால்தான் பிரச்சினை. பிளந்து, கீழே கல் வைத்து உயர்த்தி, மேலே மட்டும் மறைத்து, பக்கவாட்டில் காற்றோட்டம் விட்டு அடுக்க வேண்டும். தார்ப்பாயால் முழுக்கப் போர்த்துவது விறகை அவித்துவிடும். வருகிற குளிருக்கான விறகு ஏப்ரலுக்கு முன் அடுக்கில் இருக்கட்டும். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வரவேண்டும். அளக்கும் சிறு கருவி விலைக்குக் கிடைக்கிறது. கருவி இல்லாவிட்டால் இரண்டு துண்டைத் தட்டிப் பாருங்கள். காய்ந்தது ‘டங்’ என்று சத்தம் தரும். எரியும்போது முனையில் நுரை கட்டினால் அது இன்னும் பச்சை.

இரவில் குழாய்த் தட்டை மூடுவதை இன்றோடு விட்டுவிடுங்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். தணலில் புகை இல்லை, அதனால் யாரும் பயப்படுவதில்லை. ஆனால் கார்பன் மோனாக்சைடு அதிகம் வருவது அந்தத் தணலிலிருந்துதான். அதே நேரத்தில் குழாய் ஆறி இழுப்பும் குறைந்துகொண்டே வரும். அதன்மேல் தட்டையும் மூடினால், அந்த வாயு அறைக்குத்தான் வரும். எல்லோரும் தூங்கும் நேரம் வேறு. புதுக் குழாயில் தட்டே வைக்காதீர்கள். நெருப்பின் வேகத்தை அடுப்பின் அடிக்காற்றுத் துளையை வைத்துக் கட்டுப்படுத்துங்கள், அதையும் தணல் அடங்கும் வரை முழுதாக மூடவேண்டாம். அறைக்குள் காற்று வர ஒரு வழி வேண்டும். அலுமினிய ஜன்னல் போட்டு இறுக்கிய ஹால் என்றால், அடுப்புக்குப் பக்கச் சுவரில் நான்கு அங்குலத் துளை ஒன்று எப்போதும் திறந்தே இருக்கட்டும்.

கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கி, மாமியார் படுக்கும் அறையில் தலை உயரத்தில் மாட்டுங்கள். ஹாலுக்கும் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. ஈஎன் 50291 என்ற தரக்குறியீடு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அந்தத் தரத்தில் உள்ளவை காற்றில் பத்து லட்சத்தில் 50 பங்கு இருந்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள்ளும், 300 பங்கு இருந்தால் மூன்று நிமிடத்துக்குள்ளும் கத்தும். சாதாரண புகை அலாரம் இதைச் செய்யாது. அலாரம் கத்தினால் காரணம் தேடிக்கொண்டு நிற்காமல் எல்லோரையும் வெளியே கூட்டிவந்து, 108-ஐ அழையுங்கள். குழாய்க்குள் உறுமல் சத்தமும் அதிர்வும் கேட்டால் அது கரி தீப்பிடித்ததன் அடையாளம். அடிக்காற்றுத் துளையையும் கதவையும் மூடிவிட்டு வெளியே வந்து 101-க்குச் சொல்லுங்கள். சூடான குழாயில் தண்ணீர் ஊற்றவே வேண்டாம்.

வேலை முடிந்ததும் வெல்டரை அனுப்பும் முன் இதைச் செய்து பாருங்கள். எல்லா ஜன்னலையும் மூடி, அடுக்களையிலும் குளியலறையிலும் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கள். காய்ந்த சுள்ளியில் நெருப்பு மூட்டி அரை மணி நேரம் எரிய விடுங்கள். பிறகு ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி, ஒவ்வொரு இணைப்புக்கும் கதவு இடுக்குக்கும் அருகே பிடியுங்கள். ஊதுபத்திப் புகை இணைப்பை நோக்கிச் சாய்ந்தாலோ, நேராக மேலே போனாலோ சரி. உங்கள் முகத்தை நோக்கித் தள்ளினால் இழுப்பு இன்னும் போதவில்லை. ஃபேனை நிறுத்தி மறுபடி பாருங்கள். அப்போது சரியானால் காற்றுத் துளையைப் பெரிதாக்குங்கள். அப்போதும் தள்ளினால் உச்சியில் இன்னொரு மூன்றடித் துண்டு ஏற்றச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் நிற்காவிட்டால், கூரைக்கு மேலே எவ்வளவு உயரம் இருக்கிறது, பக்கத்தில் மரமோ மேடோ எந்தத் திசையில் எத்தனை அடியில் இருக்கிறது, எந்தக் காற்றுக்குப் புகைகிறது என்று குறித்து எழுதுங்கள்.